புலால் மறுத்த பந்தியும் திறந்த வாயிலும்

(ஆண்டு விழா ஏற்பாடுகளைக் குறித்துக் கூடிய நம் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாப் பந்தியைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் நம்மைப் பணித்தனர். இச்சங்கத்தின் சமையற் கூடத்தில் அண்டாவுக்கும் அகப்பைக்கும் இடையே பல்லாண்டு நின்று பழகினோமாதலின், நாம் பேச எழுந்தால் கத்தரிக்காய் விலையையும் வாழையிலைக் கட்டுகளின் எண்ணிக்கையையுமே பேசுவோம் என்று பலர் எண்ணியிருத்தல் கூடும். அவற்றையும் பேசுவோம். ஆயினும் அவற்றிற்கு முன் பேச வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. ஒன்று, பாலும் நெய்யும் மோரும் சேராத பந்தி ஒன்றை இவ்வாண்டு விழாவில் நடத்த வேண்டுமென்று நம் இளைஞர் பதினால்வர் கையொப்பமிட்டுக் கொடுத்துள்ள விண்ணப்பம். மற்றொன்று, சென்ற ஆண்டு விழாவில் வாயிலில் நிகழ்ந்தது. இரண்டும் வெவ்வேறு என்றே நாமும் முதலில் எண்ணினோம்.

வாயிலில் நிகழ்ந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். உங்களுட் சிலர் அதனை அறிவீர்கள், அறிந்தும் பேசாதிருக்கிறீர்கள். நம் மரபின் மூதாட்டியார் ஒருவர், நடக்க இயலாதவர், ஆட்டோவில் விழாவுக்கு வந்தார். ஓட்டி வந்தவர் தம் மகளையும், எட்டு வயதிருக்கும், முன்னிருக்கையில் அமர்த்தி அழைத்து வந்திருந்தார். மூதாட்டியார் அக்குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு முதற் பந்திக்கு வந்தார். தொண்டர் ஒருவர் தடுத்து, “இவர்கள் யார் வீட்டார்?” என்று வினவினார். “என்னை அழைத்து வந்த தம்பி, குழந்தைக்குப் பசி,” என்றார் அவர். “பின்கட்டுக்கு வரச் சொல்லுங்கள், பொட்டலம் கட்டித் தருகிறோம்,” என்பது விடையாக வந்தது. அவர்கள் பொட்டலத்துக்குக் காத்திருக்கவில்லை. மூதாட்டியாரும் உண்ணவில்லை, அதே ஆட்டோவில் ஏறி வீடு சென்றார்.

அத்தொண்டர் மீது குற்றம் இல்லை. அறிமுகம் இல்லாதாரை முதலிரண்டு பந்திகளில் அமர்த்தலாகாது என்று கட்டளையிட்டவர் நாமே. முந்நூறு இலை போட்ட இடத்தில் இரண்டு இலைக்கு இடம் இல்லையாயிற்று. அன்று இரவு மிஞ்சிய சாம்பாரை எங்கே கொட்டினோம் என்பதைச் சமையற் கூடத்தார் அறிவர். அதே மாலையில் மேடை மீது ஜீவகாருண்யத்தைப் பற்றி ஒருமணி நேரம் பிரசங்கம் நடந்தது. நாமும் கை தட்டினோம்.

புலால் உண்ணாமை நம் மரபுக்கு ஒரு பெருமை என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தோம். 2014-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்பவர். எஞ்சிய சிறு தொகையினருள் நாம் இருக்கிறோம் என்ற நினைவே பலருக்கு ஒரு மயக்கத்தைத் தருகின்றது. நம் மொழியிலும் ஒரு விந்தை காண்க: சமயத்தின் பெயரே உணவின் பெயராயிற்று. திருமண் இட்ட வைணவரும் உணவு விடுதியில், “நான் சைவம்,” என்கிறார். பெயர் இவ்வாறு ஒட்டிக்கொண்டமையால், உணவு ஒழுக்கமாய் இருந்த நிலை மாறி, பிறப்பின் அடையாளமாகி விட்டது. அடையாளத்துக்கு வேலி வேண்டும். வேலிக்குக் காவலாள் வேண்டும். நாம் அக்காவலாளாய் நின்றோம்.

இனி வடலூரை நினைப்போம். புலால் மறுத்தலை நம் நாட்டில் இராமலிங்க அடிகளினும் அழுத்தமாக உரைத்தவர் எவர்? அவர் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. ஐந்தாண்டு கழித்து, 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தில், சத்திய ஞான சபை திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கப்பெற்றுச் சோதி தரிசனம் நிகழ்கின்றது. அதனைக் காணப் பெருந்திரள் கூடுகின்றது. ஊர் ஊராக அரிசியும் காய்கறியும் கொணர்ந்து அடுப்பு மூட்டிச் சோறிடுகின்றார்கள்.

அவ்விரு கட்டடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சபையோர் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். ஞான சபைக்கு ஒரு விதி உண்டு: கொலையும் புலாலும் தவிர்த்தவரே உட்புகலாம். அவ்விதி பிறப்பைக் கேட்பதில்லை, நடையைக் கேட்கின்றது. தருமச்சாலைக்கோ அவ்விதியும் இல்லை. அங்கே வருகின்றவர் நேற்றுப் புலால் உண்டவரா, நாளை உண்ணப் போகின்றவரா என்று எவரும் வினவுவதில்லை. சாதி, சமயம், மொழி, நாடு ஒன்றும் வினவுவதில்லை. பசித்து வந்தார், அதுவே தகுதி. வழிபாட்டு மன்றத்துக்கு விதி வைத்த பெருமான் அடுக்களைக்கு விதி வைக்கவில்லை. நாமோ அதனைத் தலைகீழாக்கினோம். நம் சங்க மேடையில் எவரும் ஏறிப் பேசலாம். இலைக்கு முன்னர் அமரத்தான் குலம் வேண்டியிருக்கிறது.

வள்ளுவர் நூலின் வைப்பு முறையும் நமக்கு ஒன்று புலப்படுத்துகின்றது. விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம், இல்லறவியலில் உள்ளது. புலான் மறுத்தல் 26-ஆம் அதிகாரம், கொல்லாமை 33-ஆம் அதிகாரம். இரண்டும் துறவறவியலில் உள்ளன. இதனைக் கொண்டு இல்லறத்தார் புலால் உண்ணலாம் என்று வாதிப்பாரும் உளர். அவ்வழக்கில் நாம் இப்போது புகவில்லை. துறவிக்குரிய உயர்ந்த நோன்பொன்றை இல்லத்தில் இருந்துகொண்டே மேற்கொண்டோம் என்று பெருமை பேசுகின்ற நாம், இல்லத்தார்க்கு முதற் கடனாகச் சொல்லப்பட்ட விருந்தைத் தவற விட்டோமே என்பதே நம் வருத்தம்.

“உணவு ஒன்றாய் இருந்தால் போதாதா? பொட்டலத்திலும் அதே சோறுதானே?” என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். சேரன்மாதேவி குருகுலத்தை அவருக்கு நினைவூட்டினோம். வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே உணவிட்டார்கள் என்ற செய்தி வெளிப்பட்டு, 1925-ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டுக் காங்கிரசே கலங்கிற்று. அங்கே மூண்ட பூசல் உணவைப் பற்றியதன்று; உண்ணும் இடத்தைப் பற்றியது. சோறு ஒன்றாய் இருந்து இடம் இரண்டாகும்போதுதான் புண் ஆழமாகப் படுகின்றது.

நிற்க. புலால் உண்ணும் மரபினர் நோன்பு காலங்களில் நடந்துகொள்ளும் முறையையும் நாம் மதித்தறிதல் வேண்டும். புரட்டாசி மாதம் முழுதும் மீன் சட்டியைத் தொடாத இல்லங்கள் நம் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே எத்தனை! ஐயப்பனுக்கு மாலையிட்டவர் 41 நாள் விரதம் காக்கின்றார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாளும் புலால் ஒழிக்கும் குடும்பங்கள் பல. தாய்லாந்தின் புக்கெட் தீவில் வாழும் சீன மரபினர், தம் ஒன்பதாம் திங்களின் முதல் ஒன்பது நாள் வெள்ளாடை உடுத்து, இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு ஆகியவற்றை நீக்கிப் பெருவிழா எடுக்கின்றனர். 1825-ஆம் ஆண்டில் கூத்தாட வந்த குழுவினர் நோயுற்று, நோன்பிருந்து தேறியதே அவ்விழாவின் தொடக்கம் என்பது அவர்கள் வழிவழிச் சொல்லும் வரலாறு. மஞ்சட் கொடி கட்டிய கடைகளில் எவரும் சென்று உண்ணலாம். நமக்குப் புலாலின் சுவை தெரியாது. ஆதலின் அதனை விடுவதில் நமக்கு வருத்தமும் இல்லை. சுவை அறிந்தவர் விடுகிறாரே, அவர் நோன்பு நம் நோன்பினும் கடியது என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இனி இளைஞர்களின் விண்ணப்பத்துக்கு வருவோம். அதனைப் படித்தவுடன் நம் பெரியவர்கள் சிலர், “பாலையும் விலக்குவதா? கோமாதா தரும் அமுதமன்றோ?” என்று சினந்தனர். நமக்கும் முதலிற் சினமே எழுந்தது. நெய் இல்லாத பருப்பை நினைத்துப் பார்க்க இயலவில்லை. பின்னர் அவர்களை அழைத்துக் கேட்டோம். அவர்கள் சொல்லியது இது. முன்னாளில் கன்று குடித்து எஞ்சியதைக் கறந்தோம். காளைக்கன்று வளர்ந்து ஏரும் வண்டியும் இழுத்தது. இன்றோ உழவுக்கு டிராக்டர், வண்டிக்கு லாரி. காளைக்கன்றுக்கு வேலை இல்லை. வற்றிய பசுவுக்குத் தீனி போடுவார் இல்லை. 1998-ஆம் ஆண்டு முதல் உலகில் மிகுதியாகப் பால் பெருக்கும் நாடு நம் நாடு. அத்துணைப் பாலுக்குப் பிறக்கும் காளைக்கன்றுகள் எங்கே போகின்றன என்று ஓர் இளம்பெண் நம்மைக் கேட்டாள். விடை நமக்குத் தெரியும். சொல்ல நா எழவில்லை.

இக்கொள்கை மேனாட்டிலும் பழைய மரக்கறிச் சங்கத்தாரிடையே பூசலுண்டாக்கியே பிறந்தது. இங்கிலாந்தில் ராம்ஸ்கேட் நகரில் 1847-ஆம் ஆண்டு மரக்கறி உணவுச் சங்கம் தோன்றிற்று. பாலும் முட்டையும் விலக்குவோர்க்குத் தம் இதழில் ஒரு பகுதி தருமாறு சில உறுப்பினர் வேண்ட, சங்கம் இணங்கவில்லை. அதன்மேல் 1944-ஆம் ஆண்டு நவம்பரில் டொனால்டு வாட்சனும் வேறு சிலரும் கூடி, ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தலையையும் வாலையும் இணைத்து ‘வீகன்’ என்று பெயரிட்டுத் தனிச் சங்கம் கண்டனர். 1994 முதல் நவம்பர் முதல் நாளை அவர்கள் விழாவாகக் கொண்டாடுகின்றனர். விண்ணப்பத்தைப் புறக்கணித்தால் பிள்ளைகள் வேறு சங்கம் காண்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

காந்தியடிகள் வரலாறு இவ்விரு வினாவுக்கும் ஒருங்கே பொருந்துவது. 1888-ஆம் ஆண்டில் அவர் சீமைக்குப் படிக்கப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய சாதிச் சபை கூடி, கடல் கடந்தால் ஒழுக்கம் கெடும் என்று அவரை விலக்கி வைத்தது. அவரை வழியனுப்பச் செல்வோர்க்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம். விலக்கப்பட்ட அவ்விளைஞர் லண்டனில் தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். பாரிங்டன் தெருவில் மரக்கறி விடுதி ஒன்றைக் கண்டு, அங்கே விற்ற ஹென்றி சால்ட் என்பவரின் நூலை வாங்கிப் படித்து, அதுவரை வாக்குக்காகக் காத்ததை அன்று முதல் தம் மனமாரக் கைக்கொண்டார். சாதிச் சபை காக்க முற்பட்ட ஒழுக்கம், சாதிக்கு வெளியே, அந்நியர் நடத்திய உணவு விடுதியில் வேரூன்றிற்று. 1912-ல் பாலையும் விட்டார். 1918-ல் கடும் நோயுற்றபோது, நோன்பேற்கையில் பசுவும் எருமையுமே தம் நினைவில் இருந்தன என்று சொல்லி, ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். அது நோன்பின் உட்பொருளுக்கு ஊறு என்பதையும் மறைக்காது எழுதினார். 1931-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் மரக்கறிச் சங்கத்தில் பேசியபோது, பிறரை மாற்ற விரும்பும் மரக்கறியாளர்க்குப் பணிவும் பொறுமையும் வேண்டும் என்று அறிவுறுத்தினார். கையொப்பமிட்ட பதினால்வரும் இதனைக் கருதி, நெய்க்கிண்ணத்தோடு அமரும் பாட்டனாரைக் கொலைகாரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தல் கூடாது. அன்றியும், பால் முதலியவற்றை அறவே விட்டவர்க்குப் பி12 என்னும் உயிர்ச்சத்து உணவிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை; மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக உட்கொள்ளல் வேண்டும். கொள்கை வீரத்தில் இதனை மறக்கும் பிள்ளைகளின் தாய்மார்க்காகவே இதனைச் சொல்கிறோம்.

இனிச் சமையல். சென்ற ஞாயிறன்று நம் வீட்டிலேயே பாலில்லாப் பந்தி ஒன்றை நாற்பது பேருக்குச் செய்து பார்த்தோம். நம் சமையலில் பால் சேருவது நாம் எண்ணுகின்ற அளவு இல்லை. விரல் விட்டு எண்ணிவிடலாம். பருப்புக்கு நெய்யின் இடத்தில் காய்ச்சிய நல்லெண்ணெய். மோர்க்குழம்பு போக, சுண்டைக்காய் வற்றற் குழம்பு. தயிர்ப் பச்சடிக்குப் பதில் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. பாயசம் பாசிப்பருப்பும் வெல்லமும். தேங்காயின் மூன்றாம் பாலில் பருப்பை வேகவைத்து, இரண்டாம் பாலில் வெல்லத்தோடு கொதிக்கவிட்டு, அடுப்பை விட்டு இறக்கிய பின்னரே முதற்பாலை ஊற்றல் வேண்டும். தீயின் மேல் ஊற்றினால் திரிந்துவிடும். முந்திரியைத் தேங்காயெண்ணெயில் வறுத்தோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. மோர் ஒன்றே இடர்ப்பாடு. வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சித் தோய்த்த தயிரை இளைஞர் கொணர்ந்தனர். புளிப்பு நன்று, மணம் நமக்குப் பழகவில்லை. உண்மையை மறைப்பானேன்? அதன் இடத்தில் சுக்கும் ஏலமும் இட்ட பானகம் வைக்கலாம் என்பது நம் கருத்து.

ஆதலின் இக்கூட்டத்தின் முன் நாம் வைக்கும் தீர்மானம் இது. பாலில்லாப் பந்தி தனிப் பந்தியாக வேண்டுவதில்லை; எல்லாப் பந்தியும் பாலில்லாமலே சமைக்கப்படட்டும்; நெய்யும் மோரும் வேண்டுவார்க்குத் தொண்டர் கிண்ணத்தில் கொணர்ந்து கேட்டு இடட்டும். தனி வரிசை எக்காரணம் பற்றியும் இவ்விழாவில் வேண்டா. முன்வாயில் பதினொரு மணிக்குத் திறக்கப்படும். வருவோரை ‘யார் வீட்டார்’ என்று எவரும் வினவலாகாது. இலை எடுப்போர், நாதசுரக்காரர், பந்தற்காரர், வண்டியோட்டிகள் அனைவரும் தத்தம் வேலை ஒழிந்த பந்தியில், நம்மோடு ஒரே வரிசையில் அமர்வர். சென்ற ஆண்டு 900 இலை வாங்கினோம். இவ்வாண்டு 1,400 வேண்டும். மிகுதிச் செலவைத் தேங்காய் வணிகம் செய்யும் அன்பர் இருவர் பகிர்ந்துகொள்வதாக வாக்களித்துள்ளனர். பின்கட்டுப் பொட்டலம் இனி இல்லை.

அந்த மூதாட்டியாரை நேற்று நேரிற் கண்டு, விழாவுக்கு முதல் இலையில் அமர வருமாறு வேண்டினோம். அவர் வருவதாகச் சொல்லவில்லை. “அந்தத் தம்பி ரயிலடி நிறுத்தத்தில் நிற்பான், ஐயா. முதலில் அவனையும் குழந்தையையும் போய் அழையுங்கள், பிறகு என்னை அழைக்கலாம்,” என்றார். நாளைக் காலை செல்லவிருக்கிறோம். உடன் வர விரும்புவோர் ஏழு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன் வந்து நிற்கலாம்.