மனைவிக்கு இரங்கலுரை: புகழா, கணக்கா?

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



மனைவி இறந்துவிட்டால் புருஷன் நாலு பேர் முன்னிலையில் எழுந்து நின்று என்ன பேசுவது, அதை எப்படி எழுதிக்கொள்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம்மவர்களுக்கு இது மெய்யாகவே ஒரு சங்கடமாக இருந்துவருகிறது. புரோகிதன் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். திதி, திவசம், பிண்டம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டோம். அவைகளுக்குப் பதிலாகப் படத்திறப்பு என்று ஒன்றை வைத்து இறந்தவரைப் பற்றிப் பேசுகிறோம். புரோகிதன் இருந்தவரையில் புருஷனுக்கு வாய் திறந்து சொந்தமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய வேலையே இல்லை. தனக்கும் விளங்காத, செத்தவளுக்கும் விளங்காத பாஷையில் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, தட்சணை கொடுத்தால் தீர்ந்தது. இப்போதோ தன் வாயால், தன் பாஷையில், தன்னோடு வாழ்ந்த ஒருத்தியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சரி, பேசுகிறவர்கள்தான் என்ன பேசுகிறார்கள்? "உத்தமி, என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியதில்லை, நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட்டதில்லை, எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் விழித்திருந்து சோறு போட்டாள்" என்கிறார்கள். கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தோழர்களே, இது யாருடைய புகழ் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பேச்சு பேசாதது, பசியோடு காத்திருந்தது, தூக்கம் விழித்தது இவையெல்லாம் ஒரு நல்ல வேலைக்காரனைப் பற்றி எஜமான் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரமேயல்லாமல், ஒரு மனுஷியைப் பற்றி அவளோடு சமமாய் வாழ்ந்தவன் சொல்லும் வார்த்தையாகுமா? அவளுக்கு எது பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், என்ன ஆக ஆசைப்பட்டாள், எதை விட்டுக்கொடுத்தாள் என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் புருஷர்கள் விழிப்பார்கள். இருபது முப்பது வருஷம் கூடவே இருந்தும் தெரியாது!

இன்னும் மோசமான ஒரு புகழ் உண்டு. "பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்தாள், புண்ணியவதி" என்கிறார்கள். அதாவது புருஷனுக்கு முன்னால் செத்ததே அவள் செய்த பெரிய காரியமாம்! பின்னால் செத்திருந்தால் அவளுக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்பதை இந்த ஒரு புகழ்ச்சியே ஒப்புக்கொள்கிறதல்லவா? புருஷனைப் பார்த்து, "பெண்சாதி இருக்கும்போதே போய்விட்டான், புண்ணியவான்" என்று யாராவது சொன்னதுண்டா? அவனுக்கு வேறு பழமொழி இருக்கிறது. பெண்சாதி செத்தால் புருஷன் புது மாப்பிள்ளையாம்!

இந்த ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு ஒரு சமாதானம் தோன்றலாம். "எங்கள் ஊர்ச் சாமியே தன் உடம்பில் பாதியைப் பெண்சாதிக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, பெண்ணுக்குச் சமத்துவம் இங்கேதானே பிறந்தது?" என்பீர்கள். வாஸ்தவம், அப்படித்தான் புராணம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதிப் பெண் உருவம் எப்போது வெளியே வருகிறது? கார்த்திகை தீபத்தன்று மாலையில், மலைமேல் தீபம் ஏற்றுகிற நேரத்துக்கு, சில நிமிஷம் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பிறகு அடுத்த கார்த்திகைதான். வருஷத்தில் ஒரு நாள், அதிலும் சில நிமிஷம், பெண்ணுக்குப் பாதி! மற்ற நாளெல்லாம் என்ன? நமது புருஷர்களின் இரங்கலுரையும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. வாழ்நாளெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, செத்த பிறகு சில நிமிஷம் வெளியே எடுத்து, "அவள் என்னில் பாதி" என்று ஆடிக் காட்டுகிறார்கள்.

இந்த ஊரிலேயே வல்லாள மகாராஜன் கதை ஒன்றும் இருக்கிறது. பிள்ளையில்லாத அந்த ராஜாவிடம் சாமி சங்கம வேஷத்தில் வந்து ஒரு பெண்ணைக் கேட்டாராம். ஊரில் தாசி அகப்படாமற்போகவே, இளைய ராணி சல்லமாதேவி அனுப்பப்பட்டாளாம். அவள் தொட்டதும் சாமி குழந்தையாகிவிட்டாராம். அந்தப் பிள்ளைக் கடனைத் தீர்ப்பதற்காக, இன்றைக்கும் வருஷந்தோறும் மாசி மகத்தில் சாமியைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குத் தூக்கிப்போய் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்கள். இது நடந்த கதையா இல்லையா என்பதில் நாம் நேரத்தைச் செலவழிக்கப் போவதில்லை. கதையை அப்படியே ஒப்புக்கொண்டே கேட்கிறோம். மானத்தைப் பணயம் வைத்தவள் ராணி. திதியும் பெயரும் ராஜாவுக்கு. அந்த அம்மாளை நினைத்து யாராவது ஒரு வார்த்தை சொல்வதுண்டா? கொடுத்தவன் பெயர் நிற்கிறது, கொடுக்கப்பட்டவள் பெயர் மறைகிறது. வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

நிற்க, மனைவிக்காகப் புருஷன் புலம்புவது தமிழனுக்குப் புதிதன்று. புறநானூற்றில் 245-வது பாட்டு, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் அரசன் தன் ராணி இறந்தபோது பாடியது. அவளைச் சிதையில் வைத்துவிட்டும் தன் உயிர் போகவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறான். நல்ல பாட்டு, உண்மையான துக்கம். ஆனால் அதற்கு அடுத்த 246-வது பாட்டைப் பாருங்கள். அது பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. தடுக்க வந்த பெரியவர்களிடம், கைம்பெண்ணாய் வாழும் வாழ்வைவிட நெருப்பே மேல் என்று சொல்லி அந்த அம்மாள் தீயில் இறங்குகிறாள். புலமை இருவருக்கும் உண்டு. துக்கமும் இருவருக்கும் உண்டு. ஆனால் மனைவியை இழந்த புருஷனுக்குப் பாட்டு மட்டும்; புருஷனை இழந்த மனைவிக்குப் பாட்டும் நெருப்பும்! 1829-ல் சட்டம் செய்து அந்த நெருப்பை அணைத்தார்கள். ஆனால் அது நல்ல சாவு என்ற எண்ணம், "பூவோடும் பொட்டோடும்" என்கிற புகழ்ச்சியில் இன்னும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் ஒரு யோக்கியமான புருஷன் எப்படிப் பேசவேண்டும்? இதற்கு நாம் வெளிதேசம் போகவேண்டியதில்லை. 1933-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி ஈரோட்டில் நாகம்மையார் காலமானார். அம்மையாருக்கு வயது 48. கலியாணம் ஆனது 1898-ல், 13-வது வயதில். பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு அம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் இறங்கினார்கள். 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகத்திலும் நின்றார்கள். வீட்டுக்கு வருகிற தொண்டர்களுக்கெல்லாம் சாதி வித்தியாசம் பாராமல் சோறு போட்ட கையும் அதே கைதான். இப்படிப்பட்டவரைப் பற்றி அவருடைய புருஷராகிய ஈ.வெ. ராமசாமி, மூன்று நாள் கழித்து மே 14-ந் தேதி "குடி அரசி"ல் எழுதினார். என்ன எழுதினார்? 35 வருஷம் நாகம்மாள் தனக்குத் துணையாக இருந்தாரே தவிர, தான் அவருக்குத் துணையாக இருந்ததாக ஞாபகமில்லை என்று எழுதினார். பெண் விடுதலையைப் பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தன் வீட்டில் நடத்திக் காட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும், அம்மையார் அடிமையைப்போல நடந்துகொண்டதைத் தான் ஏற்றுக்கொண்டிருந்ததற்காக வெட்கப்படுவதாகவும் அச்சில் போட்டார்.

தோழர்களே, இதை எழுதியவர் யார்? ஊர் ஊராய்ப் பெண்ணுரிமை பேசியவர். இப்படி எழுதினால் எதிரிகள் சிரிப்பார்கள், "பார், இவர் வீட்டு லட்சணத்தை" என்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதினார். மனைவியின் பெருமையைச் சொல்லித் தானும் பெருமையடைவதே ஊர் வழக்கம். அவரோ மனைவியின் பெருமையைச் சொன்ன வாயாலேயே தன் கடன் பாக்கியையும் சொன்னார். ஆகவேதான் அது புகழாக நிற்காமல் ஒரு கணக்காயிற்று.

சீமையிலும் ஓர் உதாரணம் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் என்கிற அறிஞர் 1851-ல் ஹாரியட் டெய்லர் என்ற அம்மாளை மணப்பதற்கு முன்னால், மனைவியின் உடம்பின் மீதும் சொத்தின் மீதும் அந்த நாட்டுச் சட்டம் புருஷனுக்குக் கொடுத்த அதிகாரங்களைத் தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், அவற்றை உபயோகிக்கப் போவதில்லை என்றும் எழுதி வைத்தார். அந்த அம்மாள் 1858-ல் இறந்தார். அடுத்த வருஷம் வெளியான "சுதந்திரம்" பற்றிய தம் புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கி, தாம் எழுதியவற்றில் நல்லதெல்லாவற்றிலும் அவருக்குப் பங்குண்டு என்று மில் சொன்னார். அம்பேத்கரும் 1935-ல் இறந்த தம் மனைவி ரமாபாய்க்கு, பாகிஸ்தானைப் பற்றிய தம் புத்தகத்தைக் காணிக்கையாக்கி, நண்பர்களும் இல்லாமல் கஷ்டப்பட்ட நாளில் தம்மோடு சேர்ந்து துன்பப்பட்டவர் என்று நன்றி சொன்னார். மில் முன்னாலேயே எழுதினார், ஈரோட்டுக்காரர் பின்னால் எழுதினார். இரண்டில் எது மேல் என்று கேட்டால், முன்னால் எழுதுவதே மேல் என்போம். ஏனென்றால் பின்னால் எழுதுவதைச் சம்பந்தப்பட்டவள் படிக்கப் போவதில்லை.

"செத்த வீட்டில் தன் குற்றத்தைச் சொல்வது மரியாதையா?" என்று சிலர் கேட்கலாம். குற்றப்பத்திரிகை படிக்கும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. சண்டைகளையெல்லாம் வரிசையாய் அவிழ்க்கவும் வேண்டாம். "அவள் படிக்க ஆசைப்பட்டாள், நான் தடுத்தேன்" என்று ஒரு வாக்கியம் போதும். கேட்டுக்கொண்டிருக்கும் பத்துப் புருஷர்களில் ஒருவனாவது வீட்டுக்குப் போய்த் தன் பெண்சாதியை ஒரு வார்த்தை கேட்பான். புரோகிதனுடைய ஆயிரம் மந்திரத்தால் ஆகாத காரியம் அது.

எழுதும் வகை இதுதான். முதலில் அவளுடைய பெயரைச் சொல்லுங்கள். "என் வீட்டிலே" என்று வாழ்நாளெல்லாம் சொன்னது போதும். பிறந்த ஊரையும், தாய் தகப்பனையும், என்ன வேலை தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நாற்று நட்டாளா, நெசவு செய்தாளா, பள்ளிக்கூடத்தில் கற்பித்தாளா, அதைச் சொல்லுங்கள். தெரியாததை அவளுடைய அக்கா தங்கைகளிடமும் சிநேகிதிகளிடமும் கேளுங்கள். கேட்கும்போதுதான் எவ்வளவு தெரியாமல் வாழ்ந்தோம் என்பது விளங்கும். அவள் செய்ததைச் சொல்லும்போது, அதே நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கடைசி நோயில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை மறைக்காதீர்கள். சொர்க்கத்துக்குப் போனாள், தெய்வமானாள் என்று எழுதாதீர்கள். தெய்வமாக்கிவிட்டால் மனுஷியாக நடத்தாததைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற தைரியத்தில் வரும் பேச்சு அது. எழுதியதை இரண்டு தரம் உரக்கப் படித்துப் பாருங்கள். மேடையில் அழுகை வந்தால் வரட்டும், அதில் வெட்கமில்லை. குரல் போய்விட்டால் மகளிடம் கொடுங்கள், அவள் படிக்கட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். புருஷன் இறந்தால் மனைவிக்கும் அதே மேடை வேண்டும். கிராமத்தில் நம் பெண்கள் ஒப்பாரியில் பாடுகிறார்கள். புருஷன் குணம், புகுந்த வீட்டுக் கஷ்டம், கொழுந்தன் செய்த அநியாயம் எல்லாம் அதில் வந்துவிடும். அழுகையோடு சொல்கிறவரையில் கேட்டுக்கொள்கிறோம். அதையே அவள் எழுந்து நின்று வசனமாகச் சொன்னால் வாயடைக்கிறோம். தாலியை அறுத்து மூலையில் உட்கார வைப்பதற்குப் பதிலாக, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "நீ சொல்லம்மா" என்று கேட்பதே நமது கொள்கைக்கு அழகாகும்.

கடைசியாக, இங்கு வந்திருக்கும் புருஷர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மனைவி உயிரோடு, சுகமாக இருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து, அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியது எதுவும் அதில் இல்லையென்றால் சந்தோஷம். இருந்தால், அதைத் திருத்தும் வழி காகிதத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. அடுப்படியில் பாதி, பணப்பெட்டியில் பாதி, பேச்சில் பாதி என்று இன்றைக்கே கொடுக்கத் தொடங்குங்கள். எழுதியதை அவளிடமே படித்துக் காட்டி, "இது சரியா?" என்று கேளுங்கள். அவள் திருத்திக் கொடுப்பதே உண்மையான உரையாகும் என்று சொல்லி இதை முடித்துக்கொள்கிறோம்.