வருகைப் பதிவேடும் குடிநீர்க் குழாயும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நோயுற்ற பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. வராத பிள்ளைக்குக் கல்வி இல்லை. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

நம் மரக்காணத்தில் ஒருபுறம் கடல், ஒருபுறம் கழுவெளி, இடையே உப்பளங்கள். நிலத்தைத் தோண்டினால் பல இடங்களில் உப்புநீரே ஊறுகிறது. கண் கூசும் வெயிலில் உப்பு வாரி, உப்புநீர் அரித்த கால்களோடு வீடு திரும்பும் நம் மக்களுக்குக் குழாய்நீரே உயிர்நீர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், நாங்கள் பணியாற்றிய பள்ளியில் வருகை திடீரெனக் குறைந்தது. பதிவேட்டைப் புரட்டினோம். வராதவர்களில் பெரும்பாலோர் காலனியின் கடைசி இரு தெருப் பிள்ளைகள். வீடு வீடாகச் சென்று பார்த்தால், எங்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணீர் சரியில்லை என்று தாய்மார்கள் முன்பே வாய்மொழியாக முறையிட்டிருந்தனர், கேட்பாரில்லை. நாங்கள் நோயுற்றோர் எண்ணிக்கையைத் தெருவாரியாக எழுதி, தேதியிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றோம்.

மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்தார். மேல்நிலைத் தொட்டியருகே பிடித்த நீரில் மருந்துத் துளிகளை விட்டதும் மஞ்சள் நிறம் தோன்றிற்று. அங்கே குளோரின் இருந்தது. கடைசித் தெருக் குழாய்நீரில் நிறமே இல்லை. சாக்கடையைக் கடக்குமிடத்தில் குழாய் உடைந்திருந்தது. உடைப்புச் சீராயிற்று, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர்.

1854ஆம் ஆண்டு லண்டன் நகரில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்நோ இறந்தவர்களைத் தெருவாரியாகக் கணக்கிட்டே பிராட் தெரு அடிபம்பின்மீது ஐயம் கொண்டார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. எண்ணி எழுதிய கணக்கிற்கு அத்தகைய வலிமை உண்டு.

தண்ணீர் நமக்கு மானத்தின் கேள்வியும் ஆகும். 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். 2022இல் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விழிப்பு இன்றும் தேவை.

1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டமும், 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் குடிநீர், வடிகால், துப்புரவு ஆகியவற்றை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியுள்ளன. அவற்றைக் கேட்பது பிச்சையன்று. அதேபோல் நம் கடமையும் உண்டு. டெங்குக் கொசு நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். வாரம் ஒருமுறை குடங்களையும் தொட்டிகளையும் தேய்த்துக் கழுவி மூடிவைக்க அரசு ஆணை வேண்டுமா?

இளைஞர்களே! தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். தொட்டி கழுவிய நாள், நீர் கலங்கிய நாள், நோயுற்றோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். துடைப்பத்தை நம் கையில் திணித்த சமுதாயத்தில், நீரைச் சோதிக்கும் ஆய்வாளராகவும் நம் பிள்ளைகள் வரவேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் முதல் பணியாகக் கொள்வோமாக.