சோழிக்கு எந்தக் கடல்?

தாயம் ஆடும் வீடுகளில் ஒரு சுருக்குப்பையில் சோழி கிடக்கும். எத்தனை மல்லாந்தது, எத்தனை கவிழ்ந்தது என்றுதான் பார்ப்போம். இன்று அதையே ஒரு கடல் நத்தையாகப் பார்ப்போமா?

பையில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஓரம் புடைத்து, கோணல்மாணலாக, மஞ்சளாகவோ வெளிறியோ இருப்பது பணச் சோழி. மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் காசாகப் போனது இதுதான். வழுவழுவென்று முட்டை வடிவில், சாம்பல் முதுகில் பொன்னிற வளையம் போட்டிருப்பது வளையச் சோழி. இரண்டுக்கும் 1758-இல் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வெயிலிலும் மணலிலும் தேய்ந்த ஓட்டில் மஞ்சளும் இராது, வளையமும் இராது. இளம் சோழியோ பார்க்கவே வேறு நத்தை மாதிரி இருக்கும்: ஓடு மெலிசு, வாய் அகலம், பல் கிடையாது. வளர்ந்ததும் உதடு உள்ளே மடிந்து பல்வரிசை வரும். அதன்பின் ஓடு நீளாது, தடிக்கும். உயிரோடு இருக்கையில் நத்தை தன் சதை மடலை இருபுறமும் ஏற்றி ஓட்டைப் போர்த்திக்கொள்ளும். சோழியின் பளபளப்பு அந்த மடல் பூசியது.

ஆகவே ஓட்டோடு அது வாழும் இடத்தையும் பார்க்க வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் பாக் விரிகுடாக் கரை. ஆழம் குறைவு; சேறும் கடற்புல்லும் அதிகம். அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காகத்தான் 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். ஆனால் பணச் சோழிக்குப் பிடித்தது பவளப் பாறை. பகலில் கல்லுக்கடியில் ஒளிந்து, இரவில் வெளியே வந்து பாசியைச் சுரண்டித் தின்னும். தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அத்தகைய பவளப் பாறைகள் உண்டு. நம் சேற்றுக் கரையில் ஒரு சோழி கிடைத்தால், அது அங்கேயே வாழ்ந்தது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அலை ஒதுக்கியிருக்கலாம், துறவி நண்டு ஒன்று வீடாகச் சுமந்தும் வந்திருக்கலாம்.

நத்தை தேடும் பிள்ளைகளுக்கு மூன்று சொல். புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள்; அடியில் முட்டைகள் இருக்கும். கூம்பு வடிவ நத்தையைக் கையில் எடுக்காதீர்கள். அது நஞ்சு பாய்ச்சும். உயிருள்ளதைப் படம் மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் எதையும் எடுத்துவரச் சட்டமே தடுக்கிறது. படத்தோடு, சேறா, புல்லா, பாறையா, எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி குறித்துவையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர் முதலில் கேட்பதே அதைத்தான்.