ரோஜாவும் பம்பாயும்: கதாநாயகன் ஒருவர், முஸ்லிம்கள் இருவிதம்

(ஆவடியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றிப் பேச நமக்கு என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். நாம் படம் பார்க்காமல் இருந்துவிடலாம். ஆனால் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பார்க்கிறார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பையனுக்கு வேலை கொடுக்க வேண்டிய முதலாளி பார்க்கிறார். பூந்தமல்லியில் வீடு வாடகைக்கு விடுபவரும் பார்க்கிறார். அவர்கள் மனதில் நம்மைப் பற்றி என்ன பதிகிறது என்பது நம் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

1992 ஆகஸ்டில் வந்தது 'ரோஜா'. 1995 மார்ச்சில் வந்தது 'பம்பாய்'. இரண்டுக்கும் இயக்குநர் மணிரத்னம், கதாநாயகன் அரவிந்த்சாமி, இசை ஏ.ஆர். ரஹ்மான். இரண்டுமே தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது பெற்றவை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6.

'ரோஜா'வில் தீவிரவாதிகள் தேசியக் கொடியை எரிக்கிறார்கள். கதாநாயகன் பாய்ந்து விழுந்து தீயை அணைக்கிறான். அதே நேரம் லியாகத் தொழுவதையும் மாறி மாறிக் காட்டுகிறார்கள். தொழுகையையும் துரோகத்தையும் ஒரே நூலில் கோத்துவிடுகிறது அந்தக் காட்சி. கடைசியில் லியாகத் மனம் மாறிக் கதாநாயகனைப் போகவிடுகிறான், உண்மைதான். ஆனால் பார்த்தவன் மனதில் தங்குவது எது? நாட்டுக்கு டாங்கி செய்து தரும் இந்த ஆவடியில் வாழ்கிற நாம், நம் நாட்டுப்பற்றுக்கு யாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும்?

'பம்பாய்' ஒரு படி முன்னே வருகிறது. அதில் வரும் பஷீர் செங்கல் சூளை வைத்துப் பிழைப்பவர். அவருக்கு வீடு உண்டு, மகள் உண்டு, கோபமும் பாசமும் உண்டு. கலவரக் கும்பலிடமிருந்து தன் சம்பந்தியைக் காப்பாற்றுகிறார். இந்து தந்தையாக நடித்தவர் நாசர். பஷீராக நடித்தவர் கிட்டி. இதுவும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்தப் படத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. இருதரப்பும் சரிசமமாக வெட்டிக்கொண்டதாகக் கதை சொல்கிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் தந்த கணக்கு வேறு. இறந்தவர் 900 பேர். அவர்களில் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. ஜனவரி வன்முறையில் சிவசேனையின் பங்கையும் ஆணையம் பதிவு செய்தது. அந்தச் சேனையின் தலைவர் பால் தாக்கரேவுக்குத்தான் வெளியீட்டுக்கு முன்பே படம் போட்டுக் காட்டப்பட்டது! பாதிக்கப்பட்டவனின் சம்மதமல்லவா முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்?

முஸ்லிம் பெண் வேற்று மதத்தவரை மணப்பதாக வந்த கதையும் நம்மில் பலரைப் புண்படுத்தியது. எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பது நம் உரிமை. ஆனால் 1995 ஜூலையில் மணிரத்னம் வீட்டில் குண்டு வீசப்பட்டது, அவர் காயமடைந்தார். அந்தக் குண்டால் படத்தில் ஒரு காட்சியாவது மாறியதா? 'ரோஜா' வரைந்த சித்திரத்துக்கு அது வண்ணம் பூசியது, அவ்வளவுதான். அடுத்த நாள் கடை திறந்த நம் வியாபாரிதான் வாடிக்கையாளரின் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இளைஞர்களே! ஒரு படம் தவறு செய்தால் எந்தக் காட்சி, என்ன தவறு, உண்மை என்ன என்று பெயரிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுங்கள். தணிக்கை வாரியத்துக்கு எழுதுங்கள். தேவைப்பட்டால் உயர்நீதிமன்றம் செல்லுங்கள். நல்லதைச் செய்திருந்தால் அதையும் பாராட்டுங்கள். அப்போதுதான் நம் கண்டனத்துக்கு மதிப்பு இருக்கும்.

வணிகப் பெருமக்களே! எழுத்தும் கேமராவும் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுங்கள். நம் கதையை நாம் சொல்லாதவரை, பிறர் சொல்வதே நம் கதையாக இருக்கும்.