கணக்குக் கேட்டவர்கள்

வங்கியில் பேரேட்டோடு மாரடிக்கிறவன் நான். அதனாலோ என்னவோ, இந்த வழக்கில் எனக்கு முதலில் உறைத்தது மரண தண்டனை அல்ல, கணக்கு.

1919. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலம், எலெய்ன் வட்டாரம். கறுப்பின மக்கள் வாரத்துக்குப் பருத்தி பயிரிடுகிறார்கள். விதை, மாவு, துணி எல்லாம் வெள்ளைப் பண்ணையாரிடம் கடன். கொடுக்கிறவனும் அவன், எழுதுறவனும் அவன். அறுவடை முடிஞ்சா 'உம்பேர்ல பாக்கி'ம்பான். சீட்டு கிடையாது. சங்கம் சேர்ந்தார்கள். வக்கீல் வைத்துக் கணக்குக் கேட்கப் புறப்பட்டார்கள். அவ்வளவுதான் குத்தம்.

செப்டம்பர் 30 இரவு, ஹூப் ஸ்பர் சர்ச்சில் சங்கக் கூட்டம். வெளியே வந்து நின்ற ஆட்களோடு துப்பாக்கிச் சூடு; ஒரு வெள்ளையர் செத்தார். 'கறுப்பன் கலகம் பண்றான்'னு சேதி பறந்தது. சுற்று மாவட்டங்களிலிருந்தும் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் ஆயுதக் கும்பல். பின்னாலேயே ராணுவம். செத்த வெள்ளையர் 5 பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். கறுப்பர்? நூறு என்பாருண்டு, இருநூறுக்கு மேல் என்பாருண்டு. எண்ணவேயில்லை.

வழக்கு 122 கறுப்பர்கள் மேல். கொன்ற வெள்ளையர் ஒருத்தர் மேலும் கிடையாது. சவுக்கால் அடித்துச் சாட்சி சொல்ல வைத்தார்கள். ஜூரி முழுக்க வெள்ளையர். முதல் வழக்கில் முடிவெடுக்க எட்டு நிமிஷம். நம்ம ஊர் டீ ஆறுற நேரம். 12 பேருக்கு மரண தண்டனை.

1920இல் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், உறவுக்காரப் பெண் மாதிரி சிறைக்குள் போனார். அவர்கள் சாவையும் சொர்க்கத்தையும் பாடினார்கள். சாவைப் பாடாதீங்க, விடுதலையைக் கேளுங்க என்றார் அந்தம்மா. எத்தனை ஏக்கர், எவ்வளவு பருத்தி பறிபோனது என்று கேட்டெழுதி அச்சிலும் போட்டார்.

சட்டப் போரை நடத்தியவர் சிப்பியோ ஜோன்ஸ், அடிமைத் தாய்க்குப் பிறந்த வக்கீல். 1923 பிப்ரவரி 19, மூர் எதிர் டெம்ப்சி. ஆறு பேருக்கான வழக்கு. கும்பலுக்குப் பயந்து நடந்தது விசாரணையே அல்ல, அப்படி நடந்ததா என்று மத்திய நீதிமன்றம் விசாரித்தே ஆகணும் என்றது சுப்ரீம் கோர்ட். எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். மற்ற ஆறு பேர் அந்த வருஷமே வெளியே வந்தார்கள். இந்த ஆறு பேரை 1925 ஜனவரியில் ஆளுநர் வெளியே அனுப்பினார். குற்றமற்றவர்கள் என்று சொல்லி அல்ல, சும்மா அனுப்பினார்.

பண்ணையார்கள் சுரண்டியதற்காகத்தான் அந்த மக்கள் வக்கீல் தேடினார்கள் என்று தீர்ப்பிலேயே வருகிறது. ஆனா கணக்கைக் காட்டுன்னு பண்ணையாரைக் கேட்க அந்த வழக்கில் இடமில்லை. நான் பார்த்தவரை, அந்தப் பருத்திக்கு எழுதி வைத்த சீட்டு ஐடாவின் அந்தச் சிறு நூல்தான்.