கரண்ட் வந்துச்சு, ஏசி ஓடல
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்ல. எங்க குழு ஊக்குநர் அக்காதான், "நம்ம குழுவுல நடந்ததை நீயே சொல்லு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னு சொல்லி அனுப்பினாங்க. மாட்டுக் கடன், தையல் தொழில்னு ஏதாவது பேசுவேன்னு நினைச்சிருப்பீங்க. நான் பேசப் போறது எங்க வீட்டு ஏசி பத்தி. சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் கேளுங்க. அதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு.

எங்க வீடு சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கையில இருக்காங்க. சித்திரை, வைகாசியில அந்த ஷீட்டுக்குக் கீழ படுத்திருக்கிறது அடுப்புக்குள்ள படுத்திருக்கிற மாதிரி. முதுகுல வேர்த்து வேர்த்துப் புண்ணு வந்துடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வச்சாலும் ஆறல. அதனாலதான் குழுவுல 30,000 ரூபாய் கடன் வாங்கி, கையில இருந்ததையும் போட்டு, ஒரு டன் ஏசியும் ஸ்டெபிலைசரும் வாங்கினோம். ஊர்ல சில பேர் "ஏசி கேக்குதா இவளுக்கு"ன்னு பேசினாங்க. காதுல வாங்கிக்கல. அத்தை முதுகு ஆறிச்சு, எனக்கு அது போதும்.

போன வைகாசியில ஒரு சனிக்கிழமை ராத்திரி சூறைக்காத்தும் மழையும் அடிச்சு மரமெல்லாம் சாஞ்சுது. கரண்ட் போயிடுச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்குத்தான் வந்துச்சு. வந்ததும் ஓடிப்போய் ஏசியைப் போட்டேன். ஓடல. ரிமோட்டை அழுத்து அழுத்துன்னு அழுத்தினேன். எல்லா பட்டனையும் அழுத்தினேன். ஒண்ணும் நடக்கல. ஸ்டெபிலைசர்ல சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சுது.

இப்ப யோசிச்சா தெரியுது, வீட்டுல எல்லாமே எனக்கு விஷயத்தைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஃபேன் மெதுவா சுத்துச்சு. டியூப் லைட் பத்திக்காம கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்துச்சு. ஃபிரிட்ஜ் உறுமிட்டு நின்னு நின்னு போச்சு. நான் எதையும் கவனிக்கல. என் கண்ணெல்லாம் ஏசி மேலயும் அத்தை மேலயும்தான்.

ஏசி மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "ராத்திரி இடி இடிச்சிருக்குல்ல, போர்டு போயிருக்கும். 6,500 ரூபாய் ஆகும், நான் வந்து போற செலவு தனி. வியாழக்கிழமை வர்றேன், பணம் ரெடியா வைங்க"ன்னார். அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நான் அவர்கிட்ட "ஏசி ஓடல"ன்னு மட்டும்தான் சொன்னேன். சிவப்பு லைட் எரியுதுன்னு சொல்லல, ஃபேன் மெதுவா சுத்துதுன்னு சொல்லல. பாக்காத மெஷினைப் பத்தி அவரும் சொன்னாரு, நானும் நம்பினேன்.

அன்னைக்கு சாயந்திரம் எங்க குழுக் கூட்டம். சந்தாவும் தவணையும் வசூல் பண்ணி முடிச்சப்ப கையில 11,000 ரூபாய் இருந்துச்சு. எங்க குழுவுல ஒரு அக்கா, மகளோட நர்சிங் படிப்புக்கு மறுநாள் ஃபீஸ் கட்டணும்னு 10,000 ரூபாய் உள்கடன் கேட்டிருந்தாங்க. போன கூட்டத்துலயே சொல்லி வச்சிருந்தாங்க. நான் அழுதுக்கிட்டே எந்திரிச்சு 7,000 ரூபாய் அவசரக் கடன் கேட்டேன். படுத்திருக்கிற மனுஷின்னு எல்லாரும் இரக்கப்பட்டு எனக்கு 7,000 குடுத்துட்டு, அந்த அக்காவுக்கு மீதி 4,000 குடுத்தாங்க. அக்கா ஒரு வார்த்தை சொல்லல. "உடம்பு முடியாதவங்களுக்கு முதல்ல குடுங்க"ன்னு கையெழுத்து போட்டாங்க.

திங்கட்கிழமை காலையில அவங்க காதுல கிடந்த கம்மலை அடகு வச்சு 6,000 வாங்கி ஃபீஸைக் கட்டிட்டாங்க. அந்தக் கம்மலை அவங்க தை மாசந்தான் மீட்டிருந்தாங்க. இது எனக்கு அப்ப தெரியாது.

திங்கள் சாயந்திரம் எங்க குழு உறுப்பினர் ஒருத்தரோட மக வீட்டுக்கு வந்துச்சு. ஐ.டி.ஐ.யில எலக்ட்ரீஷியன் படிக்கிற பொண்ணு. "அத்தை, ஏசி ஓடலன்னு அம்மா சொன்னாங்க, நான் பாக்கட்டா"ன்னு கேட்டுச்சு. நான் ஏசியைக் காட்டினேன். அது ஏசி பக்கமே போகல. முதல்ல நின்னு ஃபேனைப் பாத்துச்சு. அப்புறம் ஸ்டெபிலைசருக்கு முன்னால உக்காந்து, "இதுல நம்பர் தெரியுதே, பாத்தீங்களா"ன்னு கேட்டுச்சு. உள்ள வர்ற கரண்ட் 138 வோல்ட்னு காட்டுச்சு. பக்கத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல 150-ல இருந்து 285 வரைக்கும் வேலை செய்யும்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட்.

"ஏசி கெட்டுப் போகல அத்தை. கம்மி வோல்டேஜுல ஓடினா ஏசி கெட்டுடும்னு ஸ்டெபிலைசர் தடுத்து வச்சிருக்கு. இது காவல் காக்குது"ன்னு சொல்லுச்சு. எனக்குக் கை காலெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

எங்க வீட்டுக்காரர் உடனே, "அப்ப ஸ்டெபிலைசரைக் கழட்டிட்டு நேரா குடுத்துடலாமே"ன்னு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டார். பொண்ணு பதறிப் போய்த் தடுத்துச்சு. வோல்டேஜ் கம்மியா இருக்கும்போது கம்ப்ரசர் சுத்த முடியாமத் திணறும். அப்ப கரண்டை அதிகமா இழுத்து, சூடாகி, உள்ள இருக்கிற காயில் கருகிடும். நல்லா இருக்கிற மெஷினை நாமளே கெடுத்த மாதிரி ஆகியிருக்கும். 6,500 ரூபாயோட முடிஞ்சிருக்காது.

அப்புறம் எதிர் வீட்டுக்குப் போய்ப் பாத்தோம். அங்க லைட் பளிச்சுனு எரியுது. எங்க வரிசையில ஆறு வீட்டுல மட்டும் மங்கல். தெருவுல மூணு ஃபேஸ் லைன் போகுது, வீட்டுக்கு வீடு வேற வேற ஃபேஸ்ல இருந்து குடுத்திருப்பாங்க, நமக்கு வர்ற லைன்லதான் கோளாறுன்னு பொண்ணு சொல்லுச்சு. அப்பவே மின்னகம் நம்பர் 94987 94987-க்கு போன் போட்டு, கரண்ட் பில்லுல இருக்கிற இணைப்பு எண்ணைச் சொல்லி, "ஆறு வீட்டுல வோல்டேஜ் 138-தான் வருது"ன்னு புகார் குடுத்தோம். நம்பரோட சொன்னதால எதிர்ல இருந்தவங்களும் டக்குனு புரிஞ்சுக்கிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி ஈரத்துணியால அத்தை உடம்பைத் துடைச்சு விட்டுக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில லைன்மேன் வந்து போஸ்ட் மேல ஏறிப் பாத்தார். காத்துல ஆடி ஆடி ஒரு ஜாயிண்ட் லூசாகிக் கருகியிருந்துச்சு. அதைச் சரி பண்ணினதும் ஸ்டெபிலைசர்ல 226 வந்துச்சு. நான் உடனே ஏசியைப் போட்டேன். மறுபடியும் ஓடல! எனக்கு உயிரே போச்சு. ஐ.டி.ஐ.க்குக் கிளம்பின பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டே, "மூணு நிமிஷம் பொறுங்க அத்தை"ன்னு சொல்லுச்சு. ஏசி நின்னதும் கம்ப்ரசருக்குள்ள ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாவும் ஒரு பக்கம் கம்மியாவும் இருக்குமாம். அது ரெண்டும் சமமாகக் கொஞ்ச நேரம் வேணும். அதுக்குள்ள கிளப்பினா கம்ப்ரசருக்குக் கேடு. அதுக்காகத்தான் ஸ்டெபிலைசர் எண்ணி மூணு நிமிஷம் கழிச்சு கரண்டை விடுது. சொன்ன மாதிரியே "டக்"னு ஒரு சத்தம், பச்சை லைட் வந்துச்சு.

காத்து வந்துச்சு. ஆனா சில்லுனு இல்ல. நான் ஞாயித்துக்கிழமை எல்லா பட்டனையும் அழுத்தினேன்ல, அதுல ரிமோட் ஃபேன் மோடுக்கு மாறியிருந்துச்சு. பனிப்பூ மாதிரி ஒரு படம் இருக்கும், அதுதான் குளிர் மோடு. அதுக்கு மாத்தி 24 டிகிரி வச்சோம். அரை மணி நேரத்துல அத்தை தூங்கிட்டாங்க. மூணு நாளைக்கு அப்புறம் நல்ல தூக்கம்.

எனக்குத்தான் தூக்கம் வரல. அந்த அக்கா காது வெறுமையா இருந்ததை அன்னைக்குத்தான் தண்ணிக் குழாயில பாத்தேன். கேட்டப்ப "விடு, மீட்டுக்கலாம்"னாங்க. நான் 7,000 ரூபாயை எடுத்துட்டு ஊக்குநர் அக்காகிட்ட ஓடினேன். அன்னைக்கே நிர்வாகிகளைக் கூட்டி, கடனைத் திருப்பிக் கட்டி, அந்தப் பணத்துல அக்காவுக்கு 6,000 குடுக்கச் சொன்னேன். கம்மலை மீட்டாங்க. ரெண்டு நாள் வச்சாலும் அடகுக் கடையில ஒரு மாச வட்டி, 120 ரூபாய். அதை நான் குடுத்தேன். அக்கா வேண்டாம்னாங்க, நான் விடல. 120 ரூபாய் பெரிய பணம் இல்ல. ஆனா நான் பாக்காமப் பயந்ததுக்கு இன்னொரு பொம்பளை காதுல இருந்து கழட்ட வேண்டியதாயிடுச்சு. அதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

அந்தப் பொண்ணு சொன்னதை எங்க குழுவோட தீர்மான நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கோம். உங்களுக்கும் வாசிச்சுக் காட்டுறேன்.

1. கரண்ட் போனதும் ஏசி, ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைக்கணும். திரும்ப வந்ததும் அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் போடணும். வந்த வேகத்துல கரண்ட் ஏறி இறங்கும்.

2. முதல்ல லைட்டையும் ஃபேனையும் பாக்கணும். மங்கலா, மெதுவா இருந்தா கோளாறு ஏசியில இல்ல, வர்ற கரண்ட்ல. லைட் வழக்கத்தைவிட ரொம்பப் பிரகாசமா எரிஞ்சா அது இன்னும் ஆபத்து. உடனே மெயினை அணைச்சுட்டுப் புகார் குடுக்கணும்.

3. பக்கத்து வீடு, எதிர் வீடு எப்படி இருக்குன்னு கேக்கணும்.

4. ஏசிக்குன்னு தனியா இருக்கிற டிரிப் சுவிட்ச் விழுந்திருக்கான்னு பாக்கணும். சில சமயம் பாதியில நிக்கும். காஞ்ச கையோட, முழுசாக் கீழ இறக்கிட்டு அப்புறம் மேல தூக்கணும். திரும்பவும் விழுந்தா மறுபடி தூக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்.

5. ஸ்டெபிலைசர்ல என்ன லைட், என்ன நம்பர்னு பாக்கணும். நம்பர் சரியா இருந்தா மூணு நிமிஷம் பொறுக்கணும்.

6. ரிமோட்டுல பேட்டரி இருக்கா, குளிர் மோடுல இருக்கா, டைமர் போட்டிருக்கான்னு பாக்கணும்.

7. காத்தடிச்ச பிறகு வெளியில இருக்கிற பெட்டி மேல தார்ப்பாய், ஓலை, சாக்கு ஏதாவது மூடியிருந்தா, மெயினை அணைச்சுட்டு எடுக்கணும். உள்ள இருக்கிற ஃபில்டர்ல தூசி இருந்தா கழுவிக் காய வச்சுப் போடணும்.

8. இவ்வளவும் பாத்தும் ஓடலன்னா, இல்ல ஏசி லைட் விட்டு விட்டு எரிஞ்சா, கருகின வாடை வந்தா, மெக்கானிக்தான். போன்ல பாத்ததை எல்லாம் வரிசையாச் சொல்லணும். எத்தனை தடவை லைட் சிமிட்டுதுன்னுகூட எண்ணிச் சொல்லலாம்.

இதுக்கு மேல நம்ம கை போகக் கூடாது. வெளிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. கரண்டை அணைச்ச பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல கரண்ட் தேங்கி நிக்கும், தொட்டா அடிக்கும். அறுந்து கிடக்கிற ஒயர் பக்கம் பிள்ளைங்களையும் ஆடு மாட்டையும் விடாதீங்க.

இன்னொரு தீர்மானமும் போட்டிருக்கோம். மெஷின் ரிப்பேருக்கு அவசரக் கடன் கேட்டு வந்தா, முதல்ல அந்தக் கடைசிப் பக்கத்தைப் பாத்தாச்சான்னு கேப்போம். கடன் குடுக்க மாட்டோம்னு இல்ல. நிஜமாவே போர்டு போயிருந்தா குழு கைவிடாது. அதுக்குத்தானே குழு. ஆனா அந்தப் பெட்டியில இருக்கிறது நம்ம எல்லாரோட பணம். நான் பத்து நிமிஷம் நின்னு பாத்திருந்தா, அந்த 7,000 போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

நம்ம வீட்டுல மெஷின்னா அது ஆம்பளைங்க வேலைன்னு நாம கிட்டயே போறதில்ல. ஓடுற வரைக்கும் ஓட்டுறது நாமதான், நின்னா மட்டும் தெரியாதுன்னு சொல்லிடுறோம். ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு ஸ்டெபிலைசர் முன்னால உக்காந்து நம்பரைப் படிச்சுச்சு. அந்த நம்பர் எனக்கும் படிக்கத் தெரியும். அதைப் பாக்கணும்னுதான் எனக்குத் தெரியல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு மெயின் எங்க இருக்கு, எந்த சுவிட்ச் எதுக்குன்னு ஒரு தடவை பாத்து வைங்க.

ஃபீஸ் கட்டின அந்தப் பொண்ணு இப்ப முதல் வருஷம் நல்லாப் படிக்குது. அந்த அக்காவும் இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்காங்க, காதுல கம்மலோட. அவங்க முன்னாடி இதைச் சொல்லணும்னுதான் மேடை ஏறினேன்.