கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கணினி

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீடு மட்டுமா மகிழ்கிறது? லயமே மகிழ்கிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்தே வருகிறது. கட்டணம் ஒரு பக்கம், தங்கும் செலவு ஒரு பக்கம், இவற்றோடு "மடிக்கணினி ஒன்று வேண்டும், அப்பா" என்கிறது பிள்ளை. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கடையில் 3,400 வெள்ளி விலை போட்டிருக்கும் கணினி, ஒரு தொழிலாளியின் இரண்டு மாத உழைப்பு. ஆகவே நாம் அளந்துதான் வாங்க வேண்டும்.

எந்தக் கணினி நல்லது என்று கடைக்காரரைக் கேட்பதற்கு முன், பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பதை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்கியல், ஆசிரியர் பயிற்சி, மொழி, வணிகம் போன்ற படிப்புகளுக்குக் கட்டுரை எழுதவும், கணக்குத்தாள் போடவும், இணையத்தில் பாடம் கேட்கவும் முடிந்தால் போதும். இதற்கு எளிய கணினியே தாராளம். பொறியியல், கட்டட வரைபடம், அசைவூட்டம் ஆகியவற்றுக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சாலிட்வொர்க்ஸ் போன்ற சில வரைபட மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆதலால் துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை பணத்தைக் கையை விட்டு விடக்கூடாது. பல்கலைக்கழக நூலகத்திலும் கணினிக்கூடத்திலும் கணினிகள் இருக்கும். முதல் சில வாரங்களை அவற்றைக் கொண்டே சமாளிக்கலாம்.

அடுத்து, எதைப் பார்த்து வாங்குவது? பால்வெட்டுக் கத்தி வாங்குகிறவர் பிடியின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கத்தியின் கூர்மையைத்தான் பார்க்கிறார். கணினிக்கும் அதே கண்தான் வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது ரேம் என்னும் நினைவகம். இதைச் சமையல் மேடைக்கு ஒப்பிடலாம். மேடை சிறிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு சாமான்களைப் பரப்பி வேலை செய்ய முடியாது. 4 ஜிபி மேடை இன்று போதாது. 8 ஜிபி இருக்க வேண்டும். பொறியியல் மாணவருக்கு 16 ஜிபி நல்லது.

இரண்டாவது சேமிப்பகம். இது சாமான் அலமாரி. பழைய சுழல் தட்டு வகை மெதுவானது; எஸ்எஸ்டி என்ற வகை விரைவானது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரு மாணவருக்குப் போதும். மிக மலிவாக விற்கப்படும் சில புதுக் கணினிகளில் இஎம்எம்சி என்ற வகையில் 64 ஜிபி மட்டுமே இருக்கும். விண்டோஸே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதை மாற்றிப் பெரிதாக்கவும் முடியாது. மலிவு என்று மயங்கி அதை வாங்கிவிட வேண்டாம்.

மூன்றாவது, கணினியின் மூளையாகிய செயலி. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் கணினியாகப் பார்க்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஐ5-7200 என்றிருந்தால் அது 7ஆம் தலைமுறை, வேண்டாம். ஐ5-8250 என்றிருந்தால் 8ஆம் தலைமுறை, வாங்கலாம். கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

குரோம்புக் என்ற மலிவு வகையும் உண்டு. எழுதவும் இணையத்தில் படிக்கவும் அது உதவும். ஆனால் விண்டோஸ் மென்பொருளை அதில் ஏற்ற முடியாது. துறை எதைக் கேட்கிறது என்று தெரிந்த பிறகே அதைப் பற்றி நினைக்க வேண்டும்.

புதியதைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை. அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கணினிகளைக் கடைக்காரர்கள் பழுது பார்த்து விற்கிறார்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக ரகங்கள் உறுதியானவை. பெரும்பாலும் புதியதன் விலையில் பாதிக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கும். ஆனால் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். எல்லா எழுத்து விசைகளையும் தட்டிப் பாருங்கள். கேமரா, ஒலிவாங்கி, வைஃபை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டு எதுவும் மிச்சமில்லையே என்று கேளுங்கள். விவரம் தெரிந்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவது இன்னும் நல்லது.

இனிப் பணத்தைப் பற்றிச் சிறிது பேசுவோம். "மாதம் 95 வெள்ளிதான்" என்று ஒரு கடையில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கேட்கச் சுலபமாக இருக்கிறது. 36 மாதம் கட்டினால் 3,420 வெள்ளி. அதே கணினியின் ரொக்க விலை 2,400 வெள்ளி என்றால், நாம் மிகையாகக் கொடுப்பது 1,020 வெள்ளி. பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகவேண்டிய பணம் அது. தவணையில் கையெழுத்துப் போடுமுன் மாதத் தொகையை மட்டும் கேட்காமல் மொத்தத் தொகையைப் பெருக்கிப் பாருங்கள். நகையை அடகு வைக்கவோ வட்டிக்காரரிடம் போகவோ நினைப்பவர்கள், விலை குறைந்த கணினி ஒன்று போதுமா என்று மறுபடி ஒருமுறை யோசிக்க வேண்டும். பிடிபிடிஎன் பணமும் பின்னர் திருப்பிக் கட்டவேண்டிய கடன்தான் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

எங்கே வாங்கினாலும் ரசீதையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழுதான பொருளைத் தந்துவிட்டுக் கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நாம் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதுதான் அங்கே நமக்குச் சாட்சி. வியாபாரியல்லாத ஒருவரிடம் கைமாற்றாக வாங்கும் பொருளுக்கு இந்த வழி இல்லை. பெற்றோர் வருமான வரி கட்டுபவராக இருந்தால், வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 வெள்ளிக்குள் பிள்ளைக்கு வாங்கிய கணினியையும் காட்டலாம். அதற்கும் ரசீது வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். பிள்ளை படித்துப் பட்டம் வாங்குவதற்குத்தான் கணினியே தவிர, பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவதற்கு அன்று. அழகில்லாத பழைய கணினியில் எழுதினாலும் நல்ல கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கும். மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பிள்ளை இடையில் நிற்காமல் படித்து முடிக்க உதவும். இதை மனத்தில் கொண்டு, கேட்டு, பார்த்து, பெருக்கி, பிறகு வாங்குவோம்.